எண்ணெய் இல்லாத பழ சாலட் டிரெஸ்ஸிங்: தண்ணீர் விட்டுப் போகாமல் செய்யும் முறை

போன சித்திரையில் ஒரு மதியம் என் நாத்தனார் எவர்சில்வர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "அண்ணி, கலக்கும்போது நல்லா கெட்டியாத்தான் இருந்துச்சு. அரை மணி நேரத்துல இப்படி ஆயிடுச்சு, பாருங்க." தர்பூசணியும் பப்பாளியும் திராட்சையும் இளஞ்சிவப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. புதினா இலைகள் கறுத்துப் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தன. தேன், எலுமிச்சை, உப்பு, மிளகு என்று அவள் போட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. போட்ட வரிசைதான் தப்பு.

அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் ஆறேழு பேருக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எண்ணெய் சேர்க்காததால்தான் டிரெஸ்ஸிங் பழத்தில் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெட்டிய பழத்தின் ஈரத்தில் எண்ணெய் ஊற்றினாலும் அது வழுக்கிக்கொண்டு அடியில்தான் போய்ச் சேரும். ஒட்டவிடாமல் செய்வது தண்ணீர். கழுவியபோது பழத்தின் மேல் தங்கிய தண்ணீர் ஒரு பங்கு, உப்பும் இனிப்பும் பட்டதும் பழத்துக்குள்ளிருந்து கசிந்து வரும் தண்ணீர் ஒரு பங்கு. இந்த இரண்டையும் அடக்கிவிட்டால் எண்ணெயே தேவைப்படாது.

கீழே உள்ள அளவு 4 பேருக்கு, அதாவது வெட்டிய பழம் 5 அல்லது 6 கப் வருமளவுக்கு. மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, தேக்கரண்டி என்றால் 5 மில்லி.

1. பழத்தைப் பார்த்து டிரெஸ்ஸிங்கை முடிவு செய்யுங்கள்

பலரும் டிரெஸ்ஸிங்கைச் செய்து முடித்துவிட்டு, வீட்டில் என்ன பழம் இருக்கிறது என்று தேடுகிறார்கள். அதை அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும்.

அன்னாசி, பப்பாளி, கிவி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தயிர் டிரெஸ்ஸிங் வேண்டாம். அன்னாசியில் புரோமலின், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் என்று புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை தயிரின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். கலந்த உடனே சாப்பிட்டால் தெரியாது. ஒரு மணி நேரம் கிடந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். தயிர்தான் வேண்டும், அன்னாசியும் வேண்டும் என்றால் அன்னாசித் துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடித்துவிட்டுச் சேருங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

மாம்பழம், வாழை, சப்போட்டா, ஆப்பிள், மாதுளை, திராட்சை எல்லாம் தயிரோடு ஒத்துப்போகும். தர்பூசணிக்கும் கிர்ணிப்பழத்துக்கும் பேரீச்சை எலுமிச்சை டிரெஸ்ஸிங் நன்றாக இருக்கும். கொய்யா, அன்னாசி, பச்சை மாங்காய் என்று கடித்து மெல்லும் வகையாக மட்டும் இருந்தால் ஈர டிரெஸ்ஸிங்கே வேண்டியதில்லை. அதற்கு 8ஆம் பகுதியில் உள்ள தூள் போதும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

பேரீச்சை எலுமிச்சை டிரெஸ்ஸிங்குக்கு:

மெத்தென்ற பேரீச்சம்பழம் 4 (கொட்டை நீக்கியது)
வெதுவெதுப்பான தண்ணீர் 3 மேசைக்கரண்டி
எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி
இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி
வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டி
மிளகுத்தூள் கால் தேக்கரண்டி
புதினா 8 இலை
உப்பு ஒரு சிட்டிகை (இது தனியாக இருக்கட்டும்)

பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ எவர்சில்வரோ இருக்கட்டும். அலுமினியம், பித்தளை, செம்பு வேண்டாம். எலுமிச்சைப் புளிப்பு அந்த உலோகங்களை அரிக்கும், சாறிலும் உலோக வாடை ஏறும். இவை தவிர, ஒரு சுத்தமான பருத்தித் துண்டு வேண்டும். பழ சாலட்டுக்குத் துண்டு எதற்கு என்று கேட்காதவர்களே இல்லை. 5ஆம் பகுதியில் சொல்கிறேன்.

பேரீச்சையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அது இனிப்பையும் கெட்டித்தன்மையையும் ஒன்றாகக் கொடுக்கிறது. தேன் இனிப்பைக் கொடுக்கும், ஆனால் எலுமிச்சைச் சாற்றில் கலந்ததும் தண்ணீராக இளகிவிடும். பேரீச்சையில் இருக்கும் நாரும் சதையும் சாறைப் பிடித்து நிறுத்தும். கலோரிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே 120 கலோரி. இந்த 4 பேரீச்சை சேர்ந்தால் ஏறக்குறைய 100 கலோரி, அதுவும் நான்கு பேருக்குப் பங்கு போகிறது.

ஆனால் பேரீச்சை, தேன், நாட்டுச் சர்க்கரை எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் பேரீச்சைக்குப் பதில் சப்ஜா விதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி விதையைக் கால் கப் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று பொங்கி நிற்கும். மேலாக நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, எலுமிச்சையும் மசாலாவும் கலந்தால் போதும், அரைக்கக் கூடாது. இனிப்பைப் பழமே பார்த்துக்கொள்ளும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் பொட்டுலிசம் என்ற நோய்க்கான கிருமி வித்துகள் தேனில் இருக்கலாம்.

3. நேரம் பிடிக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள்

பழத்தில் கத்தி வைப்பதற்கு முன்பே பேரீச்சை ஊறிக்கொண்டிருக்க வேண்டும். சின்னச் சின்னதாகக் கிள்ளி, 3 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். அளந்து ஊற்றுங்கள். ஒரு கப் தண்ணீரில் மூழ்கடித்து ஊறவைத்தால் இனிப்பில் பாதி தண்ணீரில் இறங்கிவிடும். அப்புறம் அதைக் கொட்டவும் மனம் வராது, சேர்த்தாலோ டிரெஸ்ஸிங் சர்பத்தாகிவிடும். சாத்துக்குடியோ ஆரஞ்சோ இருந்தால் தண்ணீருக்குப் பதில் அதன் சாறிலேயே ஊறவைக்கலாம்.

தயிர் டிரெஸ்ஸிங் செய்வதாக இருந்தால் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே தொடங்க வேண்டும். புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப் எடுத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, அடியில் ஒரு கிண்ணம் வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். கப் தயிர் ஏறக்குறைய அரை கப்பாக வற்றும். கீழே இறங்கிய நீரைச் சப்பாத்தி மாவு பிசையவோ மோரில் கலக்கவோ வைத்துக்கொள்ளலாம்.

இந்த வடிக்கும் வேலையைத்தான் எல்லாரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். வடிக்காத தயிர் பழத்தின் மேல் மோராக ஓடும்.

4. சீரகமும் இஞ்சியும்

சீரகத்தை எண்ணெய் விடாமல் இரும்புக் கடாயில் சின்னத் தீயில் வறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு சின்னதாகப் படபடக்கும், மணம் மூக்குக்கு வரும், நிறம் ஒரு சுற்று கூடும். அங்கேயே தட்டில் கொட்டிவிடுங்கள். கடாயின் சூட்டில் விட்டால் தீயை அணைத்த பிறகும் கருகும். கருகிய சீரகம் கால் தேக்கரண்டி போதும், மொத்தமும் கசந்துவிடும். ஆறிய பிறகு சின்ன உரலில் இடியுங்கள்.

இஞ்சியைத் துருவி, கையாலேயே பிழிந்து, சாறை 5 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். மாவோடு சேர்த்தால் நாக்கில் நெருடும்.

5. கழுவுங்கள், துடையுங்கள், அப்புறம் வெட்டுங்கள்

இந்த மூன்றும் இதே வரிசையில் நடக்க வேண்டும். வெட்டிய பிறகு கழுவினால் வெட்டுவாயில் தண்ணீர் ஏறும், பழத்தின் சாறும் ருசியும் தண்ணீரோடு போகும். கழுவிவிட்டுத் துடைக்காமல் வெட்டினால் தோலில் இருந்த தண்ணீர் கத்தியோடு உள்ளே போகும்.

துண்டு இங்கேதான் வேலைக்கு வருகிறது. திராட்சையைக் காம்பிலிருந்து உதிர்த்துக் கழுவி, துண்டில் பரப்பி, துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல நாலு ஆட்டு ஆட்டுங்கள். துண்டு நனைந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், அந்தத் தண்ணீர் முழுதும் கிண்ணத்துக்குப் போயிருக்க வேண்டியது.

தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தண்ணீர்தான். வெட்டிய துண்டுகளை வடிகட்டியில் போட்டு 10 நிமிடம் விடுங்கள். தானாக இறங்கும் சாறைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். பழத்தை அழுத்தக் கூடாது. கிர்ணிப்பழத்தின் நடுவிலிருக்கும் நீர்த்த நார்ப்பகுதியை விதையோடு சுரண்டி எடுத்துவிடுங்கள்.

ஆப்பிள், கொய்யா, வாழை மூன்றையும் கடைசியில் வெட்டுங்கள். காற்றுப் பட்டால் கறுக்கும் பழங்கள் இவை. அளந்து வைத்த எலுமிச்சைச் சாறிலிருந்தே ஒரு தேக்கரண்டி எடுத்து, வெட்டிய கையோடு இந்தத் துண்டுகளின் மேல் தெளித்துப் பிரட்டிவிடுங்கள். கறுக்கவைக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவைக்கும். ஆப்பிளை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் உண்டு. அதுவும் கறுக்காமல் காக்கும், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். மறுபடி ஈரம் சேர்ந்துவிடுகிறது.

வாழையில் நேந்திரமும் செவ்வாழையும் துண்டு உடையாமல் நிற்கும். ரஸ்தாளி மணமாக இருந்தாலும் கலக்கும்போது குழைந்துவிடும். ரஸ்தாளிதான் இருக்கிறது என்றால் பரிமாறும்போது மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகள் ஒரு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பொடியாக நறுக்க நறுக்க வெட்டுவாய் கூடும், கசிவும் கூடும். வெட்டி முடித்ததும் எல்லாவற்றையும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

6. அரைப்பது

ஊறிய பேரீச்சையை அந்தத் தண்ணீரோடு மிக்சியின் சின்ன ஜாரில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். நடுவில் இரண்டு முறை ஓரத்தை வழித்துவிடுங்கள். அளவு கொஞ்சமாக இருப்பதால் பிளேடுக்கு மேலே ஏறி ஒட்டிக்கொண்டு அரைபடாமல் நிற்கும். உடனே எல்லாரும் செய்வது, தண்ணீர் ஊற்றுவது. ஊற்றாதீர்கள், வழித்துவிடுங்கள். முடியவே இல்லை என்றால் எலுமிச்சைச் சாறிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்து விடுங்கள். அது எப்படியும் சேர வேண்டியதுதான்.

பழனி பஞ்சாமிர்தத்தில் நெய் கொஞ்சம் சேர்ந்தாலும் தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்ப்பதில்லை. வாழைப்பழச் சதையும் பேரீச்சையும் சேர்ந்தே அந்தக் கொழகொழப்பைக் கொடுத்துவிடுகின்றன. இங்கேயும் கெட்டியைக் கொடுப்பது சதைதான்.

மாம்பழக் காலத்தில் பேரீச்சையே வேண்டாம். நார் இல்லாத பழுத்த மாம்பழத்தில் பாதியின் சதையை அடித்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் மிளகும் சேர்த்தால் அருமையான டிரெஸ்ஸிங். எனக்கு ஆண்டு முழுதும் கிடைத்தால் இதை மட்டும்தான் செய்வேன்.

7. எலுமிச்சை, மசாலா, ருசி பார்ப்பது

விழுதைக் கிண்ணத்துக்கு மாற்றிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு. மிக்சியிலேயே ஊற்றி ஓட்டினால் நுரை கட்டும், ஜாரின் சூட்டில் அந்தப் புது வாசனையும் குறையும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு எலுமிச்சை போல இன்னொன்று புளிக்காது. கரண்டி கரண்டியாகச் சேர்த்தால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

பழத்தைப் பலகையில் உருட்டிவிட்டு, குறுக்கே அரிந்து, மிதமாகப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்தால் வெள்ளைத் தோலின் கசப்பு இறங்கும். விதையை வடிகட்டிவிடுங்கள். விதை ஊறினாலும் கசக்கும்.

இஞ்சிச் சாறு, சீரகத்தூள், மிளகுத்தூள் சேர்த்துக் கலக்குங்கள். மொத்தம் 7 மேசைக்கரண்டிபோல வரும். இப்போது கரண்டியின் பின்பக்கத்தை டிரெஸ்ஸிங்கில் தோய்த்து எடுத்து, நடுவில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்றால் பதம் சரி. இரண்டு பக்கமும் ஓடிவந்து கோட்டை மூடினால் இளகல், இன்னொரு பேரீச்சையை மசித்துச் சேருங்கள். கரண்டியை விட்டு இறங்கவே மறுத்தால் ஒரு தேக்கரண்டி ஆரஞ்சுச் சாறு விடுங்கள்.

ருசியைக் கரண்டியில் நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனியாகப் பார்த்தால் புளிப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒரு துண்டுப் பழத்தைத் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், எந்தப் பழத்துக்குச் செய்கிறீர்களோ அதே பழத்தை. குளிர்ந்ததும் இனிப்பு மங்கித் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அளவாக இருக்கும் இனிப்பு ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது ஒரு படி குறைவாக இருக்கும்.

உப்பு இன்னும் சேர்க்கவில்லை, மறக்கவில்லை. அதற்கு நேரம் இருக்கிறது.

தயிர் வகைக்கு இவ்வளவு வேலை இல்லை. வடித்த தயிர் அரை கப், தேன் 2 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, இடித்த ஏலக்காய் 2. கரண்டியால் கலக்கினால் போதும். மிக்சியிலோ பிளெண்டரிலோ அடித்தால் வடித்துக் கட்டிய கெட்டி உடைந்து மறுபடி இளகிவிடும்.

8. கொய்யாவுக்கும் அன்னாசிக்கும் தூள்

பேருந்து நிலைய வாசலில் கொய்யா விற்கும் அம்மாவைக் கவனித்திருப்பீர்கள். பழத்தைப் பூ மாதிரிக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் கலந்த பொடியை விரலால் எடுத்து வெட்டுவாயில் தடவிக் கையில் கொடுப்பார். ஈரம் எதுவும் கிடையாது. பழத்தின் சொந்தச் சாறே பொடியைக் கரைத்து டிரெஸ்ஸிங்காக்கிவிடும். அதற்குள் நாம் பாதி சாப்பிட்டிருப்போம். எண்ணெய் இல்லாத டிரெஸ்ஸிங்கை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

வீட்டுக்கு அளவு: மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, வறுத்த சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. ஈரமில்லாத கரண்டியால் கலந்து மூடி வையுங்கள். ஒவ்வொருவர் தட்டிலும் பரிமாறிய பிறகு தூவுங்கள். பெரிய கிண்ணத்தில் மொத்தமாகத் தூவினால் மேலே இருப்பவர்க்குக் காரம், அடியில் எடுப்பவர்க்கு ரசம்.

9. கலக்கும் நேரம்

சாப்பிடுவதற்கு 10 நிமிடம் முன்பு கலக்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பழமும் டிரெஸ்ஸிங்கும் இரண்டுமே குளிர்ந்திருக்க வேண்டும். வெட்டிய பழத்தின் மேல் இனிப்போ உப்போ பட்டதும் உள்ளிருக்கும் நீரை அது இழுக்கத் தொடங்கிவிடும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலைதான். அங்கே நமக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம்.

வரிசை இது. அகலமான பாத்திரத்தில் கெட்டிப் பழங்கள் முதலில். ஒரு கப் பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் டிரெஸ்ஸிங். கரண்டியை அடிவரை விட்டு மடித்துப் பிரட்டுங்கள், கிளறாதீர்கள். பிறகு தர்பூசணி, மாம்பழம், வாழை போன்ற மெத்தென்றவை. இரண்டு பிரட்டு போதும். மாதுளை முத்துகள் மேலே.

புதினா இப்போதுதான். கத்தியால் மெல்லிய இழையாக அரிந்து தூவுங்கள். முன்கூட்டியே எலுமிச்சையில் போட்டு வைத்தால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். என் நாத்தனார் பாத்திரத்தில் கறுத்துக் கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

உப்பு கடைசி. தட்டில் எடுத்துவைத்த பிறகு ஒரு சிட்டிகை. சாட் மசாலா போடுகிறவர்கள் உப்பைத் தனியாகப் போட வேண்டாம், அதிலேயே இருக்கிறது.

இன்னொன்று. மாம்பழத்திலும் பப்பாளியிலும் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு துணை வேண்டும். அதனால் எண்ணெயை விட்டதற்காக ஒரு கைப்பிடி நிலக்கடலையையோ பாதாமையோ விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள்.

10. எடுத்து வைப்பது

பேரீச்சை டிரெஸ்ஸிங்கை ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் 3 நாள் வைக்கலாம். தயிர் வகை ஒன்றரை நாள். அதற்குமேல் புளித்துவிடும். புதினாவும் உப்பும் சேராமல் இருக்க வேண்டும். வெட்டிய பழத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ஆபீசுக்குக் கொண்டுபோகிறவர்கள் டிரெஸ்ஸிங்கைச் சின்ன மூடி டப்பாவில் தனியாக எடுத்துப் போங்கள்.

11. ஏற்கெனவே நீர்த்துவிட்டால்

கெட்டியாக்கலாம் என்று மேலும் தேனோ சர்க்கரையோ போடாதீர்கள். அது இன்னும் தண்ணீரை இழுக்கும். சாலட்டை வடிகட்டியில் கொட்டி 5 நிமிடம் விடுங்கள். பழத்தைப் பாத்திரத்துக்கு மாற்றி, ஊறிப் பொங்கிய சப்ஜா விதை ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பிரட்டுங்கள். மிச்சக் கசிவை அது பிடித்துக்கொள்ளும். புளிப்பு குறைந்திருந்தால் சில சொட்டு எலுமிச்சை.

வடிந்த அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரைக் கீழே ஊற்ற வேண்டாம். அன்றைக்கு அதில் இரண்டு டம்ளர் பானைத் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஆற்றி நாத்தனார் கையில் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதையும் சேர்த்து எழுதிக் குடுங்க அண்ணி" என்றாள்.